பர்மாவில் ஜெயித்த குமாஸ்தா

கே: இரண்டாம் உலகப் போரின் தளபதிகளில் யாரை முதலிடத்தில் வைப்பீர்கள்? ரோமெல்? மான்ட்கோமரி?

ப: வில்லியம் ஸ்லிம். பர்மாவில் 14-ஆவது ராணுவத்தை நடத்தியவர்.

கே: பரம்பரைப் படைக்குடும்பமோ?

ப: அப்பா இரும்புச்சாமான் வியாபாரி. மகன் கொஞ்ச நாள் ஆரம்பப் பள்ளி வாத்தியார், பிறகு உலோகக் குழாய்க் கம்பெனியில் குமாஸ்தா. 1914-இல் முதல் உலகப் போர் வந்து அதிகாரியாக்கியது. பிறகு இந்திய ராணுவத்தில் கூர்க்கா படைக்கு வந்தார். சம்பளம் பற்றாமல் ஆன்தனி மில்ஸ் என்ற புனைபெயரில் கதை எழுதிச் சம்பாதித்தார்.

கே: 1942-இல் ஜப்பானியரிடம் தோற்று ஓடியவர்தானே?

ப: தோற்றார், ஓடவில்லை. ஏறத்தாழ 900 மைல் பின்வாங்கி இந்திய எல்லைக்கு வந்த அவருடைய வீரர்கள் கந்தலும் காய்ச்சலுமாக இருந்தார்கள். ஆயுதத்தை மட்டும் விடவில்லை.

கே: தோற்ற படையை வைத்தே எப்படி ஜெயித்தார்?

ப: முதலில் கொசுவை ஜெயித்தார். 1943-இல் காயம்பட்டு ஒருவர் களத்தை விட்டுப் போனால், நோயில் விழுந்து 120 பேர் போனார்கள். மலேரியாவுக்கு மெபாக்ரின் மாத்திரை இருந்தது, ஆனால் விழுங்க ஆளில்லை. ஸ்லிம் திடீர் ரத்தப் பரிசோதனை வைத்தார். மாத்திரை போட்டவர்கள் 95 சதவீதத்துக்குக் குறைந்தால் அந்தப் படைப்பிரிவின் அதிகாரிக்கு வேலை போகும். மூன்று பேருக்குப் போனது, மற்றவர்கள் வழிக்கு வந்தார்கள்.

அடுத்தது சோறு. காட்டில் விமானத்திலிருந்துதான் சாமான் போட வேண்டும், பாராசூட்டுக்கோ பட்டு இல்லை. கல்கத்தாவின் சணலில் செய்யச் சொன்னார், வேலை நடந்தது. முன்னணி வீரருக்கு அரை ரேஷன் என்றால் தலைமையகத்துக்கும் அரை ரேஷன்தான். எனக்கு அவர்மேல் மதிப்பு வந்தது இங்கேதான்.

கே: தப்பே செய்யாதவரா?

ப: 1944-இல் இந்திய எல்லைப் பக்கத்துக் கோஹிமாவுக்கு ஜப்பானியர் ஒரு சிறு படையைத்தான் அனுப்புவார்கள் என்று கணக்குப் போட்டார், ஒரு டிவிஷனே வந்து நின்றது. அதைத் தன் தவறு என்றே 1956-இல் வெளிவந்த ‘டிஃபீட் இன்டு விக்டரி’ நூலில் ஒப்புக்கொள்கிறார். தவறுக்குப் பொறுப்பேற்கும் தளபதிகள் அபூர்வம்.

கே: அந்தப் போரில் தமிழர்கள் எந்தப் பக்கம்?

ப: இரண்டு பக்கமும். ஸ்லிமின் படையில் மெட்ராஸ் சாப்பர்கள் பாதையும் பாலமும் போட்டார்கள். எதிரணியில் ஜப்பானியரோடு நின்ற நேதாஜியின் இந்திய தேசிய ராணுவமான ஐ.என்.ஏ.வில் மலேயாத் தமிழர்கள் சேர்ந்திருந்தார்கள். ஐ.என்.ஏ.வை ஸ்லிம் ஒரு பொருட்டாகவே மதிக்கவில்லை. இதில் அவர் பக்கம் என்னால் நிற்க முடியாது. தோட்டத்து வேலையை விட்டுத் துப்பாக்கி பிடித்தவனின் துணிவு, ஜெயித்தானா தோற்றானா என்பதை வைத்து எடைபோடக் கூடியதல்ல.

கே: ஜெயித்தவருக்கு என்ன கிடைத்தது?

ப: 1945 மே மாதம் ரங்கூன் கைக்கு வந்த கையோடு மேலதிகாரி லீஸ் அவரை மாற்றப் பார்த்தார். கடைசியில் லீஸ் போனார், அந்த நாற்காலியில் ஸ்லிம் உட்கார்ந்தார். 1948-இல் பிரிட்டிஷ் ராணுவத்தின் தலைமைப் பதவி. அதை இன்னொருவருக்குத் தருவதாகச் சொல்லிவிட்டேனே என்று அப்போது அந்தப் பதவியில் இருந்த மான்ட்கோமரி இழுத்தபோது, சொன்னதைத் திரும்பப் பெற்றுக்கொள்ளுங்கள் என்று பிரதமர் அட்லி முடித்துவிட்டார்.