சுத்த சைவம், சுற்றளவு தாராளம்

தேனி முதல் கூடலூர் வரை எந்த ஊரில் பஸ்ஸை விட்டு இறங்கினாலும் சைவ அண்ணன் ஒருவர் இருப்பார். சின்னமனூரில் அரிசிக் கடை வைத்திருப்பார். போடியில் ஏலக்காய் வியாபாரம் பார்ப்பார். உத்தமபாளையத்தில் ஓய்வு பெற்ற வாத்தியாராக இருப்பார். தொழில் மாறும். பரம்பரைச் சைவமும், வேட்டி நிற்க இடம் தேடும் வயிறும் மாறாது.

முல்லைப் பெரியாறு அணையில் எவ்வளவு தண்ணீர் தேக்கலாம் என்று கேட்டுப் பாருங்கள். 142 அடி, 2014-ல் உச்ச நீதிமன்றம் அனுமதித்தது என்று வருஷத்தோடு சொல்வார். இந்திய ஆணின் இடுப்புக்கு 90 சென்டிமீட்டர்தான் வரம்பு என்று டாக்டர் சொன்னது மட்டும் அவர் காதில் ஏறவே இல்லை. தன் மதகை அவர் திறந்தே வைத்திருக்கிறார்.

“கறி, மீன் தொட்டதில்ல. அப்புறம் எப்படிண்ணே எனக்குக் கொழுப்பு?” என்பார். நியாயமான கேள்விதான், சாயங்காலம் ஆறு மணிவரை. ஆறு மணிக்குப் பரோட்டாக் கடை வாசலில் நிற்பார். “மாவுல முட்டை போட்டீங்களாப்பா?” இல்லை என்று மாஸ்டர் சத்தியம் செய்த பிறகே உட்காருவார். சால்னாவை ஒரு கையால் தள்ளி, காய்க்குருமாவை மறு கையால் இழுப்பார். நாலு பரோட்டா. மனசாட்சி சுத்தம். எதைத் தொடக்கூடாது என்பதற்குத்தான் சைவத்தில் பட்டியல் உண்டு. எத்தனை தொடலாம் என்பதற்கு ஒரு வரிகூடக் கிடையாது. அந்தக் காலி இடத்தில்தான் இவர் குடியிருக்கிறார்.

இளைக்க முயலவில்லை என்று சொல்லிவிட முடியாது. நியாண்டர் செல்வன் தமிழில் பேலியோ உணவுமுறையைப் பரப்பிய காலத்தில் இவரும் சேர்ந்தார். சைவர்களுக்குக் காலையில் 100 பாதாம் என்றார்கள். இட்லிக்குப் பதில் பாதாம் என்பதை, இட்லிக்குப் பிறகு பாதாம் என்று இவர் படித்துக்கொண்டார். 100 பாதாமில் ஏறக்குறைய 700 கலோரி. ஒரு மாதத்தில் எடை கூடியது. பாதாம் கலப்படம் என்று தீர்ப்புச் சொல்லி, பேலியோவை முடித்துவைத்தார்.

அவருக்கு வைத்தியம் சொல்லாத சொந்தக்காரர் இல்லை. “நாட்டுக்கோழி முட்டை சைவந்தான் மச்சான், சும்மா குடிங்க” என்பார் சம்பந்தி. கடைசியில் டாக்டரம்மாவும் முட்டை என்றுதான் ஆரம்பித்தார்.

“உசுரே போனாலும் ஆகாதும்மா.”

“சரிங்கய்யா, வேண்டாம். பருப்பு, பனீர், சோயா, சுண்டல், தயிர் இருக்குல்ல? சோத்தைக் குறைச்சுட்டு அதைக் கூட்டுங்க.”

வற்புறுத்தவில்லை, கேலியும் இல்லை. நல்ல டாக்டர். சர்க்கரையும் இருப்பதால் வாரம் ஒரு முறை போடும் ஊசியைப் பற்றியும் சொன்னார். மௌன்ஜாரோ, வெகோவி என்று 2025-ல் இந்தியாவுக்கு வந்தவை. பசி அடங்கும், சிலருக்குக் குமட்டும், நிறுத்தினால் எடை திரும்புவதுண்டு, வந்த புதிதில் விலையும் அதிகம். இவர் கேட்டது ஒன்றே ஒன்று: “அது சைவமா?”

வெகோவியின் செமாக்ளூடைடு ஈஸ்ட்டை வைத்துத் தயாராகிறது என்று டாக்டரம்மா விளக்கினார். இவர் திருப்தியோடு வீடு வந்தார். கம்ப்யூட்டர் படித்த மருமகன் விடவில்லை. “மாமா, இந்த ஊசியெல்லாம் பல்லி எச்சில்ல கண்டுபிடிச்சது!”

முழுப் பொய்யும் இல்லை. இந்த வகையில் முதல் மருந்தான எக்செனடைடு 2005-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. கீலா மான்ஸ்டர் என்ற விஷப் பல்லியின் எச்சிலில் கண்ட ஹார்மோனைப் பார்த்து, ஆய்வுக்கூடத்தில் செயற்கையாகச் செய்தார்கள். மருந்தில் பல்லியின் சொட்டு எச்சில்கூட இல்லை. ஆனால் தோளில் பல்லி விழுந்தால் பஞ்சாங்கத்தைப் புரட்டுகிறவரிடம் இதைச் சொல்லி என்ன பயன்? ஊசி போட்டுக்கொண்டால் என்ன பலன் என்று அதில் போடவில்லை. வேண்டாம் என்றுவிட்டார்.

கேலி இதோடு போகட்டும். ஒரு விஷயத்தில் நான் அவர் கட்சி. மருந்துக் கடையில் கேப்சூலைத் தூக்கிப் பிடித்து, “உறை எதுல செஞ்சது?” என்று கேட்பார். பின்னால் நிற்பவர்கள் சிரிப்பார்கள். பெரும்பாலான உறை ஜெலட்டின், அதாவது மாடு போன்ற விலங்குகளின் தோலும் எலும்பும்தான். தாவர செல்லுலோஸில் செய்த உறைகளும் உண்டு. உடம்பு அவருடையது, உள்ளே என்ன போகிறது என்று கேட்கும் உரிமையும் அவருடையது. பல்லிக்காக ஊசியை மறுத்ததுகூட அவர் இஷ்டம்தான், விவரம் தெரிந்து மறுத்திருந்தால்.

ஆகவே சைவ அண்ணன்மாரே, டாக்டரிடம் உட்கார்ந்த உடனே சைவம் என்று சொல்லிவிடுங்கள். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் பல வருஷமாக எடுப்பவர்கள் பி12 சோதனையைக் கேட்டு வாங்குங்கள். அந்த மாத்திரை பி12-ஐக் குறைக்கக்கூடும், சைவச் சாப்பாட்டில் அது ஏற்கெனவே கொஞ்சம்தான். ராத்திரி என்ன சாப்பிடுவீர்கள் என்று டாக்டர் கேட்டால், பரோட்டாவின் உண்மையான எண்ணிக்கையைச் சொல்லுங்கள்.