தலைப்பாகைத் தோலும் சுறாத்தோலும்

1806-இல் தோல் இரண்டு ஊர்களில் வம்பு வளர்த்தது. வேலூரில் அது தலைக்கே ஏறியது. நெற்றியில் குறி கூடாது, தாடி கூடாது, தோல் குஞ்சம் வைத்த புதுத் தலைப்பாகைதான் என்று சிப்பாய்களுக்குச் சொன்னார் பிரிட்டிஷ் தளபதி கிரடாக். உள்ளே புகைகிறது என்று முன்கூட்டியே சொன்ன சிப்பாயைப் பைத்தியம் என்று அடைத்து வைத்தார்கள். ஜூலை 10 விடியுமுன் கோட்டையில் கலகம் வெடித்தது. ஆற்காட்டிலிருந்து குதிரையில் பாய்ந்து வந்த பிரிட்டிஷ் அதிகாரி கில்லெஸ்பி கயிற்றைப் பிடித்து மதிலேறினார். வாசலைப் பிறகு பீரங்கி திறந்துவிட்டது. வாசல் இருக்கச் சுவரை ஏன் குடைய வேண்டும் என்று கேட்கிறவர்கள் மருத்துவத்திலும் உண்டு.

அவர்களுக்கெல்லாம் மூத்தவர் பிலிப் போசினி. அதே டிசம்பரில் வியன்னாவில் அவருடைய கருவி அரங்கேறியது: ஜாடி போலத் தகரக் கூடு, மேலே சுறாத்தோல் உறை, உள்ளே தேன்மெழுகுவத்தி, சுடரின் ஒளியைக் குழாய்க்குள் தள்ள ஒரு கண்ணாடி. மூக்கு, தொண்டை, ஆசனவாய் என்று இருக்கிற வாசலிலெல்லாம் எட்டிப் பார்க்கலாம். ஆம்பூர் டேனரிக்காரராக இருந்தால் சுறாத்தோலை விரலால் தடவி, இது எந்த மண்டிச் சரக்கு என்று கேட்டிருப்பார். வியன்னா மருத்துவப் பீடமோ மூக்கைச் சுளித்தது. 1809-இல், 35 வயதில், காய்ச்சலில் போசினி போய்ச் சேர்ந்தார்.

1868-இல் ஜெர்மன் மருத்துவர் குஸ்மால் வாள் விழுங்கும் வித்தைக்காரரைப் பிடித்து வந்து இரைப்பைக்குள் குழாய் இறக்கினார். குழாய் இறங்கியது, வெளிச்சம் இறங்கவில்லை. பஞ்சாபிலிருந்து லண்டன் போன நரிந்தர் சிங் கபானி 1954-இல் அடுத்த படி ஏறினார். கண்ணாடி இழைக் கற்றை வழியே படத்தையே வளைத்துக் கொண்டுபோனார்.

அதன்பிறகு டாக்டர்களுக்குத் தைரியம் வந்தது. 2004-இல் அமெரிக்காவில் கல்லூ, பன்றியின் வாய்வழியே இரைப்பையைத் துளைத்து வயிற்றறைக்குள் நுழைந்த செய்தியை வெளியிட்டார். ஹைதராபாதில் ராவும் நாகேஷ்வர் ரெட்டியும் மனிதரின் குடல்வாலை வாய்வழியே எடுத்தார்கள். 2008-இல் கோவை பழனிவேலு குழு யோனிவழியே எடுத்ததாக எழுதியது. தழும்பில்லை, குடலிறக்கப் பயமில்லை. ஆகா!

ஆனால் கண் மறுபடி காலை வாரியது. வயிற்றில் துளை போடுகிறவருக்குக் கேமரா நடுவில், கருவிகள் இரு பக்கம். இங்கே எல்லாம் ஒரே குழாயில். கருவியை அசைத்தால் காட்சியும் ஆடும். பித்தப்பையைப் பார்க்கக் குழாயைத் திருப்பி வளைத்தால் திரையில் எல்லாம் தலைகீழ்.

கடைசியில் பலரும் தொப்புளில் ஒரு துளை போட்டு, அங்கிருந்து கேமராவில் பார்த்தார்கள். இது சுவர் இல்லையா? தொப்புளும் பிறவியிலேயே வந்த வாசல்தான் என்று சிலர் கட்டுரையே எழுதிவிட்டார்கள்.