கேசட்டு கடைக்கு ஒப்பாரி வெக்காதே நைனா

இன்னா நைனா, மூஞ்சி தொங்கிப் போய்க் கீது? வீடியோ கடையெல்லாம் அழிஞ்சிபோச்சேன்னு துக்கமா? நீ பொறந்ததே சிடி காலத்துக்கு அப்பால. வீடியோ டெக்க கண்ணால பாத்திருக்கியா? அதுக்குள்ள எவன்கிட்டயோ பழைய கேசட்ட வாங்கி, செவுத்துல ஒட்டி, மஞ்ச லைட்டு போட்டு, போட்டோ புட்சி "அந்தக் காலம் போச்சே"ங்குற. உனக்கு ஏதுபா அந்தக் காலம்? குந்து. நடந்ததச் சொல்றேன்.

1982-ல டில்லியில ஏசியாடு நடந்தப்போ நம்ம நாட்டுக்கு கலர் டிவி வந்துச்சி. அது பின்னாலயே பர்மா பஜார் வழியா டெக்கும் வந்துச்சி. ராயபுரத்துல யார் ஊட்ல சொந்தமா டெக்கு இருக்கும்? கப்பல்ல வேலைக்குப் போனவன் ஊட்ல ஒண்ணு இருக்கும். மத்தவனுக்கெல்லாம் வாடகைதான். மஞ்சத்தண்ணியா, காதுகுத்தா, செவராத்திரியா? தெருவே துட்டு போடும்.

டெக்கும் டிவியும் மீன்பாடி வண்டில வரும். கீழ கோணி, மேல போர்வை, புதுப்பொண்ண இட்டுக்கினு வர்ற மாரி பதனமா வரும். கூடவே கடைப்பையன் ஒருத்தன் வருவான். அன்னிக்கி ராத்திரிக்கு அவன்தான் ராசா. அவனத் தவிர ஒருத்தனும் பட்டனத் தொடக்கூடாது. திரையில கோடு கோடா வுழுந்தா, மூடியக் கழட்டுவான். "ஒரு ரூவா நோட்டு குடு"ம்பான். மடிச்சி, ஸ்பிரிட்டுல நனைச்சி, ஹெட்டத் தொடைப்பான். படம் பளிச்சினு ஆயிடும். நோட்டு அவன் ஜோபிக்குப் போயிடும். கேக்க முடியுமா?

மொதல்ல ஆயாவுக்கு சாமி படம். அப்பால வாத்தியார் படம். அப்பால ரஜினி. பொம்பளைங்க கண்ணசந்ததும் புரூஸ் லீ. எண்ணூர் பக்கம் ரெண்டாவது ஷிப்ட் முடிச்சிட்டு வர்றவன், சைக்கிள நிறுத்திட்டு, புரூஸ் லீக்கு சரியா வந்து குந்துவான். கிளைமாக்ஸ்ல கரண்டு புட்டுக்கும். எண்ணூர் அனல்மின் நிலையத்துப் பொக நமக்கு, கரண்டு ஊருக்கு. 2017-ல அத்தையும் மூடிட்டானுங்க, அது வேற கதை.

கடைக்காரர் ஒரு நோட்டு வெச்சிருப்பாரு. யாரு எத எடுத்தா, எப்போ திருப்பிக் குடுத்தா, எல்லாம் அதுல கீது. இப்போ உன் ஆப்பு "உங்களுக்காக"ன்னு லிஸ்ட்டு போடுதே, அதுக்கு என்னமோ அல்காரிதமாம். அவருக்கும் ஒண்ணு இருந்திச்சி, காதுல சொருகின பென்சிலு. உங்கொப்பன் எந்தப் படத்த எடுத்துக்கினு போனான்னு அவருக்குத் தெரியும். உங்கம்மா வந்து கேட்டா வாயத் தொறக்கமாட்டாரு. உன் ஆப்பு? மாமியா ஊட்டு ஆளுங்க சோபால குந்தினுகீறப்போ "விட்ட இடத்துல இருந்து பாருங்க"ன்னு படத்தோட காட்டிக் குடுக்கும்.

அதுக்காக அந்தக் கடைய கோயிலாக்காதே. தியேட்டர்ல கேமரா வெச்சித் திருடின படமும் அங்கதான் கெடைக்கும். முன்சீட்டுக்காரன் எந்திரிச்சி ஒண்ணுக்குப் போறதும் சேத்தே ஓடும். நம்ம கடல் காத்துக்கு கேசட்டுக்குள்ள பூஞ்சக்காளான் புட்சிடும். 2004-ல திருட்டு வீடியோக்காரனையும் குண்டர் சட்டத்துல சேத்தப்போ நெறைய பேருக்கு வயித்தக் கலக்கிச்சி.

கடைய யாரு கொன்னா? ஆப்புன்னு சொல்லாதே. ஆப்பு வர்றதுக்குள்ள பொணம் மூலக்கொத்தளம் சுடுகாட்டுக்குப் போய்ச் சேந்தாச்சி. 1993 தமிழ் வருசப் பொறப்பன்னிக்கி சன் டிவி வந்துச்சி. தெருவுக்குத் தெரு கேபிள் ஒயரு தொங்கிச்சி. அப்பால சிடி வந்துச்சி. 2006-ல அரசாங்கமே கலர் டிவிய ஓசில குடுத்திச்சி. அடுத்த வருசம் மோசர் பேயர்காரன் 28 ரூபாய்க்கு படம் சிடிய வித்தான். சொந்தமா வாங்க 28 ரூபான்னா, வாடகைக்கு எவன் போவான்? நெட்பிளிக்ஸ் நம்ம நாட்டுக்கு வந்ததே 2016-லதான். அதே வருசம் ஜப்பான்ல ஃபுனாய் கம்பெனி டெக்கு செய்றத நிறுத்திடுச்சி. ஒலகம் பூரா 9,000 வீடியோ கடை வெச்சிருந்த அமெரிக்காக்காரன் பிளாக்பஸ்டரே இன்னிக்கி ஓரிகான்ல ஒரே ஒரு கடையா நிக்கிது. ஜனங்க அங்க போயி பனியன் வாங்கினு வருதாம்!

இன்னொண்ணு தெரியுமா? அந்த நெட்பிளிக்ஸ்காரனும் நம்ம கடைக்காரன் ஜாதிதான். தபால்ல டிவிடி அனுப்பி வாடகை வாங்கினவன். 2023 செப்டம்பர் வரிக்கும் அனுப்பினான். இப்பவும் வாடகைதான் வாங்குறான். நீ என்னமோ சொந்தக்காரன் கணக்கா காலு மேல காலு போட்டுக்கினுகீற. அப்போ எடுத்தா வாடகை. இப்போ எடுக்கலன்னாலும் வாடகை. நேத்து இருந்த படம் இன்னிக்கி இல்லன்னா யார்கிட்ட போயி கேப்ப? சண்ட போட கல்லாப்பொட்டி எங்க கீது?

காலைல கேசட்டத் திருப்பிக் குடுக்கணுமேன்னு உங்கொப்பன் முட்ட முட்ட முழிச்சிப் படம் பாத்தான். உனக்குத் திருப்பிக் குடுக்கற வேலையே இல்ல. அதனால பாக்கறதும் இல்ல. "அப்பால பாக்கறேன்"னு லிஸ்ட்டுல சேத்துட்டு, முக்கா மணி நேரம் போஸ்டரத் தள்ளித் தள்ளி, கட்ட வெரலு வலிச்சதும் தூங்கிடற. இதுக்கு நாலு ஆப்பு, ஒரு பெரிய டிவி, பொட்டி பொட்டியா ஸ்பீக்கரு.

கேக்கறியா ஒரு வார்த்த? மூணு ஆப்ப நிறுத்து. சனிக்கெழமை எந்தப் படம்னு வெள்ளிக்கெழமையே முடிவு பண்ணு. பக்கத்து ஊட்டுக்காரன குடும்பத்தோட கூப்புடு. வந்தா பாதித் துட்ட வாங்கிடு, உடாதே.