சங்கத்து சார்

தஞ்சாவூரைச் சுற்றி எந்தச் சாலையில் எட்டு, பத்து கிலோமீட்டர் போனாலும் வயலுக்கு நடுவே ஒரு சிமெண்ட் வளைவு நிற்கும். வளைவின் மேல் ஏதாவது ஒரு நகர். உள்ளே போய் இரண்டாவது தெருவில் திரும்பினால், ‘குடியிருப்போர் நலச்சங்கம் (பதிவு பெற்றது)’ என்று பலகை மாட்டிய வீடு வரும். அந்த வீட்டுக்காரரின் பெயர் ரேஷன் கார்டில் இருக்கிறது. ஊரில் யாருக்கும் தெரியாது. டீக்கடை தொடங்கி ஊராட்சி அலுவலகம் வரை அவர் சங்கத்து சார்.

சார் ஓய்வு பெற்ற அரசு ஊழியர். எந்த இலாகா என்று கேட்க வேண்டியதில்லை. முப்பது வருஷம் அடுத்தவர் மனுவில் ‘பரிசீலனையில் உள்ளது’ என்று எழுதிய இலாகா. இப்போது மேஜைக்கு அந்தப் பக்கம் போய்விட்டார். மனு எழுதுகிறார். ‘பொருள்’, ‘பார்வை’ இரண்டும் போடாமல் பால்காரருக்குக்கூட அவர் துண்டுச்சீட்டு வைப்பதில்லை என்பார்கள்.

அவருடைய கொள்கை ஒன்றே ஒன்று: நஞ்சையில் வீடு கட்டக் கூடாது. இது 2012-ல் அவர் வீட்டுக் கிரகப்பிரவேசம் முடிந்த மறுநாள் காலை அமலுக்கு வந்தது. அதற்கு முந்தின நாள் வரை அந்த ஊரில் நடந்தது வளர்ச்சி. அன்றிலிருந்து நடப்பது அழிவு.

சார் மனை வாங்கிய கதை ஊருக்கே மனப்பாடம். பழைய பேருந்து நிலையத்திலிருந்து இலவச வேன். இறங்கியதும் கலர் கலராகக் கொடி. மதியம் பிரியாணி. ‘பஞ்சாயத்து அப்ரூவ்டு’ என்று கொட்டை எழுத்தில் நோட்டீஸ். வண்ணப்படத்தில் பூங்கா, பூங்காவில் சறுக்குமரம், சறுக்குமரத்தில் ஒரு வெள்ளைக்காரக் குழந்தை. பத்திரம் முடிந்து பார்த்தால் பூங்காவும் இரண்டு மனையாக விற்றுப் போயிருந்தது. அந்த இடம் முன்னால் என்னவாக இருந்தது என்று கேட்டால், “சும்மா தரிசுங்க” என்பார் சார். முக்கில் இட்லி விற்கும் ஆயா அதை ஒப்புக்கொள்வதில்லை. “எங்க மாமனாரு தாளடி போட்ட வயலு சாமி அது” என்பார்.

பஞ்சாயத்து அப்ரூவல் என்பது அந்தக் காலத்தில் தலைவர் கையெழுத்தும் ஒரு ரப்பர் ஸ்டாம்பும்தான். நகர் ஊரமைப்புத் துறையைக் கேட்காமல் மனைப்பிரிவுக்கு அனுமதி கொடுக்க ஊராட்சிக்கு அதிகாரமே கிடையாது. ஆனாலும் பத்திரம் பதிவாகிக்கொண்டுதான் இருந்தது. 2016 செப்டம்பர் 9-ல் சென்னை உயர் நீதிமன்றம் அங்கீகாரமில்லாத மனைகளைப் பதிவு செய்யத் தடை போட்டதும்தான் பல வீடுகளில் தூக்கம் போனது. சார் வீட்டிலும் போனது. அடுத்த வருஷம் அரசு வரன்முறை விதிகளைக் கொண்டுவந்து, 2016 அக்டோபர் 20-க்கு முன் விற்ற மனைகளுக்குக் கட்டணம் வாங்கிக்கொண்டு வழி விட்டது. சார் வரிசையில் நின்று பணம் கட்டி வாங்கிய வரன்முறை ஆணை, லேமினேஷன் போட்டு, பூஜை அறையில் சுவாமிமலை முருகனுக்கு வலப்பக்கம் இருக்கிறது. ‘தப்பு செய்தாய், போனால் போகிறது’ என்பதுதான் அந்தக் காகிதத்தின் சாரம். சார் அதை நன்னடத்தைச் சான்றிதழ் என்றே எடுத்துக்கொண்டார்.

அவர் வீட்டில் சொத்து என்றால் கிழக்கு ஜன்னல்தான். திறந்தால் வயல். சென்னையிலிருந்து வரும் மைத்துனர் குடும்பம் அந்த ஜன்னலில் வரிசை போட்டுப் படம் எடுத்துக்கொள்ளும். தினமும் ஆறரை மணிக்கு அதே வயல் சாரின் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் ‘இயற்கையின் மடியில்’ என்று ஏறும். வயல் யாருடையது என்று மட்டும் சாருக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள அவசியம் வரவில்லை.

ஒரு வருஷம் மேட்டூரில் தண்ணீர் திறந்தும் அந்த வயலில் குறுவை நடவில்லை. சம்பாவும் இல்லை. அடுத்த வருஷம் கருவேலங்கன்று முளைத்தது. நஞ்சை தரிசாகக் கிடக்கிறது என்றால் ஊரில் நாலு பேருக்கு விஷயம் புரிந்துவிடும். சார் மட்டும், “பாவம், நிலத்துக்கும் ஓய்வு வேணும்ல” என்று ஸ்டேட்டஸ் போட்டார். அப்புறம் ஜேசிபி வந்தது. ஒரு காலை ஜன்னலைத் திறந்தால் வரப்பு இருந்த இடத்தில் மஞ்சள் பெயிண்ட் அடித்த கல், வரிசை வரிசையாக.

காவிரிப் படுகையில் நிலம் கைமாறும்போது அளவும் கூடவே மாறிவிடும். விற்கும் விவசாயி ‘மா’ கணக்கில் பேசுவார். வி.ஏ.ஓ. அதையே ஹெக்டேரில் எழுதுவார். வாங்குபவர் ஏக்கருக்கு விலை பேசுவார். கடைசியில் விற்பனைக்கு வரும்போது அது சதுர அடியாகிவிடும். ஒரு மா என்பது நூறு குழி. சதுர அடியில் 14,400. இந்தப் பெருக்கலைக் கடைசிவரை போட்டுப் பார்க்காதவர், முதலில் விற்றாரே, அவர் ஒருவர்தான்.

கிராம சபை வருஷத்துக்கு ஆறு தடவை கூடும். குடியரசு நாள், மே தினம், சுதந்திர நாள், காந்தி ஜெயந்தி என்ற பழைய நாலோடு மார்ச் 22-ம் நவம்பர் 1-ம் சேர்ந்துகொண்டன. ஆறுக்கும் முதல் ஆளாக வந்து முன் வரிசை பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காருபவர் சார். ஒரு விஷயம். ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் இருப்பவர்தான் கிராம சபை உறுப்பினர். சாருக்கு ஓட்டு இன்னும் தஞ்சாவூர் மாநகராட்சியில். ஊராட்சிச் செயலருக்கு இது தெரியும். ஆனால் நூறு நாள் வேலைப் பெண்கள் கையெழுத்துப் போட்ட பிறகும் கோரத்துக்கு ஆள் குறைந்தால், கூப்பிடாமல் வருபவரை எதற்கு விரட்டுவது?

கல் ஊன்றிய பிறகு வந்த காந்தி ஜெயந்தி. மாரியம்மன் கோவில் பந்தலில் டெங்கு முடிந்து, குடிநீர் முடிந்து, வரவு செலவு முடிந்து, ‘இதர பொருட்கள்’ வந்தது. சார் எழுந்தார். கோப்பும் எழுந்தது.

“2020-ஆம் வருஷத்து வேளாண் மண்டலச் சட்டம் இருக்கா இல்லையா? தஞ்சாவூர் மாவட்டம் முழுக்கப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலம். இங்க எப்படி மனை போடலாம்?”

கைதட்டல் எழுந்தது. ஊராட்சிச் செயலர் இளைஞர். போனில் சட்டத்தைத் தேடி எடுத்துவிட்டார்.

“சார், அட்டவணையில துத்தநாகம் உருக்குற ஆலை, தாமிரம் உருக்குற ஆலை, தோல் பதனிடுறது, எண்ணெய் எடுக்குறது, கப்பல் உடைக்கிறது இதெல்லாம் கூடாதுன்னு போட்டிருக்கு. மனை போடக் கூடாதுன்னு இல்லையே சார்.”

“அப்ப கப்பல் உடைக்க வந்தாத்தான் தடுப்பீங்களா தம்பி?”

“வந்தா கண்டிப்பா தடுப்போம் சார்.”

ஊருக்கும் கடலுக்கும் ஐம்பது கிலோமீட்டருக்குக் குறையாது. அந்த வாக்குறுதி தீர்மானப் புத்தகத்தில் ஏறவில்லை.

அடுத்து, புது மனைப்பிரிவு சட்டப்படி செல்லுமா என்று கேட்டார் சார். பேச்சு ஊராட்சித் தலைவரம்மாவிடம் போனது. அவர் பட்டியலை வாசித்தார். வேளாண்மைத் துறையின் தடையின்மைச் சான்று இருக்கிறது. நகர் ஊரமைப்பு அலுவலகத்தின் தொழில்நுட்ப அனுமதி இருக்கிறது. பத்தாயிரம் சதுர மீட்டருக்கு மேல் என்பதால், சாலை போக மீதியில் பத்து சதவீதம் திறந்தவெளி. அதையும் சாலைகளையும் ஊராட்சி பெயருக்குத் தானப் பத்திரம் போட்டுக் கொடுக்க வேண்டும். வாசித்துவிட்டு, குரலை உயர்த்தாமல் ஒன்று கேட்டார்.

“உங்க நகர்ல பூங்கா எங்க சார் இருக்கு?”

சங்கத்துக்காரர்கள் மூன்று பேர் ஒரே நேரத்தில் போனை எடுத்துப் பார்த்தார்கள். பூங்கா இருக்க வேண்டிய இடத்தில் இருப்பது சங்கத் துணைத்தலைவர் வீடு.

சார் அசரவில்லை. சட்டத்தை விட்டுவிட்டு உணர்ச்சிக்கு வந்தார். பச்சைப் பசேலென்ற வயல், குருவிகள், வருங்காலச் சந்ததி, சோறு. பந்தலின் பின்பக்கம் தூணில் சாய்ந்திருந்த ஒரு பெரியவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு முன்னால் வந்தார். ஜன்னலுக்கு எதிரே இருந்த வயலின் சொந்தக்காரரை சார் அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்தார்.

“சார், நீங்க பாக்குறதுக்கு நான் நாத்து நடணுமா?”

“அப்படி இல்லைங்க பெரியவரே...”

“இத்தனை வருசமா என் வயக்காத்தை வாங்குனீங்க. ஒரு மூட்டை யூரியாவுக்காவது காசு கேட்டு வந்தேனா? பச்சையா இருக்கணும்னா நீங்க வாங்கி வச்சிக்கங்க. மனைக்காரன் கொடுத்த வெலையில பாதி போதும்.”

சபை சாரைப் பார்த்தது. சார் கோப்பைப் பார்த்தார். அதில் அதற்குப் பதில் இல்லை.

வேறு யாராக இருந்தாலும் அதோடு உட்கார்ந்திருப்பார். சார் கோப்பின் கடைசிப் பக்கத்தைத் திருப்பி, வருவாய்த் துறை இணையதளத்தில் எடுத்த புலப்படத்தை மேஜையில் விரித்தார். மனைப்பிரிவின் தென்பக்கம் ஒரு வாய்க்கால். அ-பதிவேட்டில் வாய்க்கால் புறம்போக்கு என்று தெளிவாக இருக்கிறது. தரையில் அது இல்லை. ஜேசிபி அதை மூடிவிட்டது. மூன்று கல் அதன் மேல்தான் நிற்கிறது.

இவ்வளவு நுணுக்கமாக அவர் தேடியதற்கு வருங்காலச் சந்ததி காரணம் இல்லை. முந்தின கார்த்திகை மழைக்கு அவர் வீட்டு ஹாலில் கணுக்கால் அளவு தண்ணீர், சோபா நனைந்துவிட்டது. அவர் நகரும் அதே வாய்க்காலின் மேல்பாதியை 2011-லேயே மூடித்தான் போட்டது என்பதையும் புலப்படம் காட்டியது. அந்த இடத்தை மட்டும் உள்ளங்கையால் மறைத்துக்கொண்டு பேசினார். ஆனால் தலைவரம்மா எழுந்து வந்து படத்தைப் பார்த்தார். பெரியவரும் வந்து பார்த்தார். விற்றது போகப் பெரியவரிடம் மூன்று மா பாக்கி. அந்த வாய்க்கால் அடைபட்டால் முதலில் முங்குவது அதுதான்.

“இது சார் சொல்றது நெசம்” என்றார் பெரியவர்.

இங்கே தலைவரம்மாவின் நிலைமையையும் சொல்ல வேண்டும். மனைப்பிரிவுக்குத் தொழில்நுட்ப அனுமதி தருவது நகர் ஊரமைப்புத் துறை. தானப் பத்திரம் வாங்கிக்கொண்டு இறுதிக் கையெழுத்துப் போடுவது ஊராட்சி. அதனால் ஊர்க்காரரிடம் “என் கையில என்ன இருக்கு?” என்று சொல்லலாம், மனைக்காரரிடம் “என் கையெழுத்து இல்லாம எப்படி?” என்றும் சொல்லலாம். இரண்டும் உண்மை. கையெழுத்துப் போட்ட மறுநாளிலிருந்து அந்தச் சாலை ஊராட்சியின் சாலை, அந்த விளக்கு ஊராட்சியின் விளக்கு. மனை வாங்கியவர் வீடு கட்ட வருவதற்குப் பத்து வருஷம் ஆகலாம். அதுவரை வீட்டு வரி கிடையாது, தெருவிளக்கு மட்டும் காலி மனைக்கு எரிந்துகொண்டிருக்கும். இதெல்லாம் தெரிந்தவர் என்பதால் தலைவரம்மா அன்று இரண்டாவது உண்மையைக் கையில் எடுத்தார். வாய்க்காலைத் திறந்து, கரை கட்டிக் கொடுத்தால்தான் இறுதிக் கையெழுத்து என்று தீர்மானம் போட்டார். பூங்காவுக்குக் கம்பிவேலியும் போட்டுத்தான் ஒப்படைக்க வேண்டும் என்று ஒரு வரி சேர்த்தார். அந்த வரியைச் சொல்லிக் கொடுத்ததும் சார்தான். வேலி இல்லாத பூங்கா என்ன ஆகும் என்று அவரைவிட நன்றாகத் தெரிந்தவர் யார்?

மனைக்காரர் முனகிக்கொண்டே செய்து கொடுத்தார். கல் மூன்றும் பிடுங்கப்பட்டன. அடுத்த மழைக்குப் பெரியவரின் மூன்று மா தப்பியது. சாரின் சோபாவும் தப்பியது. மனைகள் விற்றன. கிழக்கு ஜன்னலுக்கு எதிரே ஒருவர் மாடியோடு வீடு கட்டிவிட்டார். சார் இப்போது மொட்டை மாடியில் ஏறி நின்று ஸ்டேட்டஸ் போடுகிறார். அங்கிருந்து வாய்க்காலுக்கு அப்பால் பெரியவரின் மூன்று மா இன்னும் தெரிகிறது. அதற்குச் சொந்தக்காரர் யார் என்று இப்போது அவருக்குத் தெரியும். பொங்கலுக்கு ஒரு மூட்டை யூரியா வாங்கிக்கொண்டு போய் வீட்டில் இறக்கினார் என்று ஒரு பேச்சு உண்டு. கையோடு ரசீதையும் வாங்கிக்கொண்டார் என்பது உறுதி.

2025 ஜனவரி 5-ல் ஊராட்சி மன்றத்தின் காலம் முடிந்தது. தேர்தல் நடக்கவில்லை, தனி அலுவலர் வந்தார். 2016 முதல் 2019 வரையும் இதே கதைதான். மன்றம் இல்லாத காலத்தில் ஊரில் எந்த மனு எங்கே கிடக்கிறது என்று தெரிந்தவர் சார் ஒருவர்தான். ஒன்றிய அலுவலகத்தில் புதிதாக வந்த கிளார்க், ஊராட்சிக் கோப்பு ஏதாவது கிடைக்காவிட்டால் முதலில் அவருக்குத்தான் போன் போடுகிறாராம்.

முன்னாள் தலைவரம்மாவிடம் ஒருநாள் டீக்கடையில் சாரைப் பற்றிப் பேச்சு வந்தது. சிரித்துக்கொண்டே சொன்னார்: “ஊருக்கு இப்படி ஒரு ஆளு வேணுங்க. ரெண்டு பேரு ஆனா ஊரு தாங்காது.”

புது மனைப்பிரிவில் 64 மனை. வாங்கியவர்களில் பாதிப் பேர் ஓய்வு பெற்றவர்களாம்.