பத்துப் பன்றி வதைப் படலம்: ஓர் ஆய்வு

இணையத்தில் முகமறியாதவர்கள் கூடி, வாளேந்தியும் மந்திரம் ஓதியும் ஆடும் வேட ஆட்டங்களே இவ்வாய்வின் எல்லை. ஆய்வாளர் அவற்றுள் எதையும் ஆடியவர் அல்லர். ஆகவே நடுநிலை வழுவவில்லை எனக் கொள்க.

தோற்றம். 1978இல் இங்கிலாந்தின் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ராய் டிரப்ஷா என்ற மாணவர் 'மட்' என்னும் ஆட்டத்தைத் தொடங்கினார். படம் கிடையாது, எழுத்து மட்டுமே. அதை வளர்த்த ரிச்சர்ட் பார்ட்டில், 1996இல் ஆடுவோரை நான்கு வகையாகப் பிரித்தார்: சாதிக்க வருவோர், சுற்றிப் பார்க்க வருவோர், அரட்டைக்கு வருவோர், அடுத்தவரை வெட்ட வருவோர். முன்னோர் வகுத்ததற்கு மேல் ஒன்று சேர்க்காவிட்டால் முனைவர் பட்டம் கிடைக்காது. எனவே ஐந்தாவதாக, ஆபீசிலிருந்து தப்பி வருவோரைச் சேர்க்கிறோம்.

பன்றி. 2004 நவம்பரில் வெளிவந்து, 2010இல் 1.2 கோடி சந்தாதாரரை எட்டிய 'வேர்ல்டு ஆஃப் வார்கிராஃப்ட்' இத்துறையின் பெருங்காப்பியம். அதில் ஓர்க் என்னும் அரக்கர் குலத்தில் பிறந்து உலகையே புரட்டக் கிளம்பும் வீரனுக்கு அந்நாளில் தொடக்கத்திலேயே இடப்பட்ட கட்டளை, பத்துக் காட்டுப்பன்றி கொன்று வா என்பது. ஏன் பத்து? பத்துப்பாட்டும் பதிற்றுப்பத்தும் இருக்கையில் இந்த எண் தமிழரிடமிருந்து போனதே என்பர் ஒரு சாரார். விரல் பத்து ஆதலால் என்பர் மறு சாரார். இவர்களுக்குக் கருத்தரங்கில் மதிய உணவு கிடைப்பதில்லை. பதினொன்றாம் பன்றியும் உண்டு என்று ஓர் ஓலைச்சுவடி கூறுமாம். கூறும் ஏட்டைக் கரையான் தின்றுவிட்டது. தின்னுமுன் அதைப் படித்தவரின் மாணவருடைய மருமகன், காபி குடிக்கையில் இதை உறுதிப்படுத்தினார். காபிக்குக் காசு கொடுத்தவர் யார் என்பதில் பாடபேதம் உண்டு.

பத்தாவது பன்றி விழுந்ததும் கூலி கைக்கு வந்துவிடும் என்பதில் மட்டும் கருத்து வேறுபாடு இல்லை. சிபாரிசு வேண்டாம், பணிமூப்பு பார்ப்பதில்லை, மேலதிகாரி இன்று எந்த முகத்தோடு வந்திருக்கிறார் என்று எட்டிப் பார்க்கவும் வேண்டாம். சம்பள உயர்வுக்கு ஏப்ரல் தோறும் ஏங்கியவனை இரவு இரண்டு மணிவரை உட்கார வைப்பது டிராகன் அன்று, இந்தப் பன்றிதான்.

படையெடுப்பு. ஆடுவோர் மொழியில் 'ரெய்டு'. இது வெட்சித் திணையே. எதை நீட்டினாலும் தொல்காப்பியத்தில் இடம் பார்த்து வைக்கும் அறிஞர்கள் இதையும் வைத்துவிடுவர் என்பதால் நாம் முந்திக்கொள்கிறோம். கவர்ந்து வந்த ஆநிரையைப் பங்கிடும் 'பாதீடு' என்னும் துறை இங்கு மிக விரிந்தது. ஆபீசிலிருந்து தப்பி வந்த நாற்பது பேர் ஒரு குகைவாயிலில் கூடியதும், முதற்காரியமாக வருகைப் பதிவேடு திறக்கிறார்கள். வந்தவனுக்குப் புள்ளி. கடைசிவரை இருந்தவனுக்கு மேலும் புள்ளி. அசுரன் விழுந்து வாள் கிடைத்தால், சேர்த்த புள்ளியைக் கொடுத்து அதை வாங்க வேண்டும். 'எவர்குவெஸ்ட்' என்ற முந்தைய ஆட்டத்தின் காலத்திலேயே வந்த இந்த முறைக்கு 'டிராகன் வதைப் புள்ளி' என்றே பெயர். நம்மூர் மொய் நோட்டு தோற்றது போங்கள். வைத்தியம் பார்க்கும் பாத்திரமாக மாதக்கணக்கில் பிறர் காயத்துக்கு மருந்திட்டுப் புள்ளி சேர்த்தவர் காத்திருக்க, நேற்று வந்த வில்லாளி தலைவனின் மைத்துனன் என்பதால் மோதிரத்தைத் தட்டிக்கொண்டு போவதும் உண்டு. அப்புறம் கட்சி பிளக்கும். புதுச் சங்கம் பிறக்கும். அதற்கும் ஒரு செயலாளர் வருவார்.

இதற்கு மாதச் சந்தா வேறு.

குறைகள். தூக்கம் கெடும், அடுப்பில் பால் பொங்கும். நோயும் வரும். 2005 செப்டம்பரில் வார்கிராஃப்டில் ஹக்கார் என்னும் குருதித் தெய்வம் தன்னோடு மோதியவர்மேல் ஏவிய தொற்று, வேட்டைக்காரரின் வளர்ப்பு விலங்குகளில் ஒட்டிக்கொண்டு குகையை விட்டு நகரத்துக்கு வந்துவிட்டது. பன்றியைக்கூட முடிக்காத புதியவர்கள் சந்தையில் நின்றபடியே மாண்டனர், தெருவெல்லாம் எலும்புக்கூடு. சிலர் ஓடினர், சிலர் வேண்டுமென்றே பரப்பினர். கடைசியில் நிறுவனமே கைவைத்து அடக்க வேண்டியதாயிற்று. இதை எரிக் லாஃப்கிரென், நீனா ஃபெஃபர்மன் என்ற இரு ஆய்வாளர்கள், கொள்ளைநோய்க் காலத்தில் மனிதர் எப்படி நடப்பர் என்று அறிய உதவுமெனக் கொண்டு, 2007இல் 'லான்செட்' குழுமத்தின் தொற்றுநோய் இதழில் கட்டுரையாக்கினர். மெய்யான இதழ், மெய்யான கட்டுரை. போலி ஆய்வு எழுதிப் பிழைக்கிறவர்கள் வயிற்றில் இப்படி அடிப்பது கல்வியாளர்களுக்கு அழகல்ல.