மடக்கு வரைபடக் கணிப்பானும் மூடிவைக்கும் இன்பமும்: ஜேடர்பாளைய வட்டாரத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

மடக்கு வரைபடக் கணிப்பான் என்பது, எண்களைக் கூட்டிக் கழிப்பதோடு நில்லாமல் தனக்குத் தரப்பட்ட சமன்பாட்டைச் சிறு திரையில் கோடாக வரைந்து காட்டுவதும், வேலை முடிந்ததும் நடுவிலுள்ள கீலில் மடங்கி மூடிக்கொள்வதும் ஆகிய இரு தொழில்களை உடைய கையடக்கக் கருவியாகும். இவற்றுள் முதல் தொழில் கணிதத்தின்பாற்பட்டது; இரண்டாவது எதன்பாற்பட்டது என்பதே இக்கட்டுரையின் ஆராய்ச்சிப் பொருள். வரைபடம் வரையத் தெரிந்த மடங்காத கணிப்பான்கள் உலகில் ஏராளமாக இருக்கவும், அவற்றை மேசை இழுப்பறையில் பழைய சாவிகளோடு போட்டுவைத்துவிட்டு, மடங்குவதை மட்டும் துணியில் சுற்றிப் பீரோவில் பூட்டும் ஒரு கூட்டத்தார் இருக்கிறார்கள் என்றால், அவர்களை ஈர்ப்பது கணிதம் அன்று என்பது சொல்லாமலே விளங்கும்.

ஆய்வுக்களமாக நாமக்கல் மாவட்டம் பரமத்தி வேலூர் வட்டத்துக் காவிரிக்கரை ஊராகிய ஜேடர்பாளையம் கொள்ளப்பட்டது ஏன் எனின், அவ்வூர் இக்கருவியைச் செய்ததனாலோ விற்றதனாலோ அன்று. மடங்காத கணக்கு செழித்து வளர்ந்த நிலம் அது என்பதனால். தடுப்பணையருகே பிரியும் ராஜவாய்க்கால் பாயும் வழியெல்லாம் கரும்பும் வாழையும் வெற்றிலைக் கொடிக்காலுமாக இருக்க, கரும்பு ஆலைக்கொட்டகையில் காய்ச்சப்பட்டு உருண்டை வெல்லமாகவும் அச்சு வெல்லமாகவும் 30 கிலோ சிப்பங்களில் பிலிக்கல்பாளையம் ஏலச்சந்தைக்குப் போய்ச் சேர்கிறது. வெற்றிலையோ 100 இலை ஒரு கவுளி, 104 கவுளி ஒரு சுமை என்ற கணக்கில் பரமத்தி வேலூரில் ஏலம் போகிறது. ஏன் 104, ஏன் முழுதாக 100 இல்லை என்று கேட்பவர் சந்தைக்குப் புதியவர் என்பது உடனே தெரிந்துவிடும் என்பதால் இக்கட்டுரையும் அதைக் கேட்கவில்லை.

இச்சந்தைகளுக்கு ஏற்ற கணிப்பான் 12 இலக்கத் திரையும், தேய்ந்துபோன எண்களும், வெல்லப் பிசுக்கு ஏறிய சமக்குறி விசையும் கொண்ட தட்டையான மேசைக் கணிப்பானே ஆகும். வியாபாரி எண்ணைத் தட்டி முடித்ததும் தொகையை வாயால் சொல்வதைவிட, கருவியையே 180 பாகை திருப்பி விவசாயியின் முகத்துக்கு நேரே நீட்டுவதுதான் மரியாதை. விவசாயி திரையைப் பார்ப்பார், பிறகு வியாபாரியின் முகத்தைப் பார்ப்பார், பிறகு சிப்பங்களை இன்னொரு தரம் எண்ணுவார். இந்தத் திருப்பலே வியாபாரத்தின் உயிர்நாடி. கீலும் மூடியும் உள்ள கருவியில் அது நடவாது. விடையை இருவரும் சேர்ந்து பார்க்கும் இம்முறையைத் திறந்த கணக்கு எனலாம்.

இதற்கு நேர்மாறான மரபும் கொங்கு நாட்டில் உண்டு. மாட்டுச் சந்தையில் தரகர் தம் கையையும் மாட்டுக்காரர் கையையும் ஒரு துண்டால் மூடிக்கொண்டு, விரல்களைப் பிடித்தும் விட்டும் அழுத்தியும் விலை பேசுவார்; சுற்றி நிற்பவர் காண்பது துண்டின் அசைவை மட்டுமே. எண்ணை உள்ளீடாகப் பெற்று, பிறர் கண்ணில் படாமல் வினை செய்து, உரியவருக்கு மட்டும் விடையைத் தரும் ஏற்பாடு என்று பார்த்தால், மடக்குக் கணிப்பானின் முன்னோரை அயல்நாட்டு ஆய்வுக்கூடங்களில் தேடவேண்டியதில்லை. அது ஓர் ஈரிழைத் துண்டு. இது மூடிய கணக்கு எனப்படும். மடக்குக் கணிப்பானின் காதலர் யாவரும், தாம் அறியாமலே, துண்டு மரபைச் சேர்ந்தவர்கள் என்பது இக்கட்டுரையின் துணிபு.

இனி வரலாறு. வரைபடக் கணிப்பான் என்னும் இனம் 1985-ஆம் ஆண்டு கேசியோ எஃப்.எக்ஸ்.-7000ஜி உடன் பிறந்தது. அதன் திரை 96-க்கு 64 புள்ளிகள் கொண்டது. நிரல்களைச் சேமிக்க, அதாவது செய்யவேண்டிய வேலைகளை வரிசையாக எழுதிவைக்க, அதில் இருந்த இடம் 422 பைட். அது மடங்காது. மடிப்பு அடுத்த சில ஆண்டுகளிலேயே வந்துவிட்டது. ஷார்ப் நிறுவனத்தின் இ.எல்.-9000, கேசியோவின் எஃப்.எக்ஸ்.-7500ஜி ஆகியவை இரண்டாக மடங்கின. ஆயினும் இக்குலத்தின் பெருமாள் எனப் போற்றப்படுவது 1987-இல் ஹியூலெட் பேக்கர்ட் வெளியிட்ட எச்.பி.-28சி ஆகும். எண்களை மட்டுமன்றி எழுத்துகளையும் எழுத்துகளாகவே வைத்துக் கணக்குப் போடும் குறியீட்டு இயற்கணிதம் என்னும் வித்தையைக் கையடக்கக் கருவிக்குள் கொண்டுவந்தது அதுவே. எழுத்து வேண்டுமென்றால் எழுத்துக்கு விசை வேண்டும். எழுபதுக்கும் மேற்பட்ட விசைகளை ஒரே பலகையில் பரப்பினால் சட்டைப்பை கொள்ளாது. ஆகவே எண்களும் திரையும் வலப்பலகையிலும், எழுத்துகள் இடப்பலகையிலுமாகப் பாகப்பிரிவினை நடந்து, நடுவில் கீல் வைக்கப்பட்டது. மடிப்பு என்பது தேவையினால் பிறந்தது என்று பொறியாளர் கூறுவர். தேவை 1990-இல் எச்.பி.-48எஸ்.எக்ஸ் என்னும் மடங்காத கருவியோடு தீர்ந்துபோன பின்னரும் மடிப்பின்மீதுள்ள ஆசை தீராமல் நிற்பதற்குப் பொறியாளரிடம் விளக்கம் இல்லை.

எச்.பி.-28சி இன் மற்றொரு இயல்பு இங்கே தனித்துக் கவனிக்கத்தக்கது. யான் வுகாசியேவிச் என்ற போலந்து நாட்டுத் தருக்கவியலாளர் 1920-களில் வகுத்த குறிமுறையைத் தலைகீழாக்கிய முறையில் இது கணக்குப் போடுகிறது. அதாவது, முதலில் எண்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிவிட்டு, என்ன செய்யவேண்டும் என்பதைக் கடைசியில் சொல்லவேண்டும். சமக்குறிக்கு வேலையே இல்லை. ஒரு சுமை வெற்றிலையில் எத்தனை இலை என்று அறிய 104, 100, பெருக்கு என்ற வரிசையில் தட்டினால் 10,400 என்று வரும். இம்முறையைப் பழகுவதற்கு மேலைநாட்டு மாணவர் பட்ட பாடு பெரிது. அவர்களுக்கெனத் தடித்த கையேடுகள் எழுதப்பட்டன. வினைச்சொல்லைக் கடைசியில் வைத்தே பிறந்ததுமுதல் பேசிவரும் பிலிக்கல்பாளையத்து வியாபாரிக்கோ இதில் கற்பதற்கு ஒன்றும் இல்லை. "முப்பதை நாப்பதால பெருக்கு" என்று அவர் பையனுக்குச் சொல்லும் வரிசையும் கருவி கேட்கும் வரிசையும் ஒன்றே. அமெரிக்காவில் பொறியாளருக்கு விற்ற கருவியை வெல்லச் சந்தையில் விற்றிருக்க வேண்டும் என்பது காலங்கடந்த யோசனை எனினும் பதிவு செய்யத்தக்கது.

வரைபடம் வரையும் தொழிலைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. எச்.பி.-28சி இன் திரை 137-க்கு 32 புள்ளிகள், ஆக மொத்தம் 4,384 புள்ளிகள். ஒரு புள்ளிக்கு ஒரு வெற்றிலை என்று வைத்தாலும் ஒரு சுமையில் 6,016 இலைகள் வைக்க இடமின்றி வெளியே நிற்கும். இத்தனை குறைந்த உயரத்தில் வரையப்படும் பரவளையம், அதாவது இருபடிச் சமன்பாட்டுக்கு உரிய கிண்ண வடிவ வளைவு, வளைவாகத் தெரியாமல் படித்துறையாகவே தெரியும். அதே பரவளையத்தைப் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் எழுதும் ஜேடர்பாளையத்து மாணவி, கிராப் தாளில் கூர்மையான பென்சிலால் வழவழவென்று வரைந்து, வலது மேல் மூலையில் அளவுத்திட்டத்தை எழுதி, தாளை விடைத்தாளோடு நூலால் கட்டி, 8 மதிப்பெண் வாங்குகிறாள். அளவுத்திட்டத்தை எழுத மறந்தால் மதிப்பெண் குறையும். கருவி அளவுத்திட்டத்தை ஒருபோதும் தானாக எழுதுவதில்லை என்பதையும், ஆகவே அது பத்தாம் வகுப்பில் முழு மதிப்பெண் பெறாது என்பதையும் அதன் அன்பர்கள் எண்ணிப் பார்ப்பது நல்லது.

இக்கருவி தமிழ்நாட்டில் ஏன் வேரூன்றவில்லை என்ற வினாவுக்கு விலையைக் காரணம் காட்டுவது மேம்போக்கானது. உண்மைக் காரணம் தேர்வறையின் வாசலில் நிற்கிறது. அமெரிக்காவில் கல்லூரிக்கு முந்தைய நுண்கணிதத் தேர்வொன்று 1995 முதல் வரைபடக் கணிப்பானைக் கட்டாயமாக்கியது. இங்கே பன்னிரண்டாம் வகுப்புக்கு மடக்கை அட்டவணையே போதும் என்றும், பொறியியல் தேர்வுக்கு நிரல் எழுத இயலாத அறிவியல் கணிப்பான் மட்டுமே ஆகும் என்றும் முடிவாயிற்று. ஆகவே திருச்செங்கோட்டிலிருந்து நாமக்கல் வரை நெருங்கி நிற்கும் பொறியியல் கல்லூரிகளில் பயின்றோர் கைகளில் கேசியோ எஃப்.எக்ஸ்.-991 வரிசையே ஆட்சி செய்தது. அதற்குக் கீல் இல்லை. சறுக்கு மூடி மட்டும் உண்டு. ஆனால் துண்டு மரபு அவ்வளவு எளிதில் அழிந்துவிடுமா? அந்தச் சறுக்கு மூடியின் உட்புறத்தில் கூர்மையான பென்சிலால் பொடிப்பொடியாக எழுதப்பட்ட சூத்திரங்களும், அதை அறிந்த மேற்பார்வையாளர் "மூடியக் கழட்டி முன்னால வையுங்க" என்று சொல்லிக்கொண்டே வரிசையில் நடந்ததும், மூடப்படும் எதற்கும் உள்ளே ஏதேனும் இருந்தே தீரவேண்டும் என்ற தொன்மையான உணர்வுக்குச் சான்று பகர்கின்றன.

இனி ஈர்ப்பின் மூலத்தைக் காண்போம். எச்.பி.-28 வகைக் கருவியின் குறைகளைப் பட்டியலிட்டால் அதை வாங்குவதற்கு ஒரு காரணமும் மிஞ்சாது. எழுத்துகள் தட்டச்சு வரிசையில் இன்றி அகரவரிசையில் இருப்பதால் விரல்கள் தேடித்தேடிக் களைக்கும். அகச்சிவப்புக் கதிரின் வழியே சிறு அச்சுப்பொறிக்குச் செய்தி அனுப்பும், ஆனால் எவரிடமிருந்தும் எதையும் வாங்கிக்கொள்ளாது, பேசும், கேளாது. ஆகவே ஒருவர் எழுதிய நிரலை இன்னொருவர் கருவியில் ஏற்ற வேண்டுமாயின் ஒவ்வோர் எழுத்தாகத் திரும்பத் தட்டவேண்டும். யாவற்றிலும் பெரியது மின்கல அறையின் மூடி: குட்டை உருளைகளான மூன்று மின்கலங்களின் வில்விசையை இரு மெல்லிய பிளாஸ்டிக் விளிம்புகள் தாங்கவேண்டியிருப்பதால், காலப்போக்கில் விளிம்பு விரிசல் விட்டு மூடி தெறிக்கும். உடலோ உருக்கி இணைக்கப்பட்டது. உடைக்காமல் திறந்து பழுதுபார்க்க வழியில்லை. கீலின் வழியே இடப்பலகைக்குச் செல்லும் மெல்லிய நாடாக் கம்பியைப் பற்றி அன்பர்கள் தாழ்ந்த குரலில்தான் பேசுவர்.

இத்தனைக்கும் பிறகு அவர்கள் அதை வைத்துக்கொள்வது திறப்பதற்கும் மூடுவதற்கும் மட்டுமே. மடங்காத கணிப்பானை ஒருவர் பயன்படுத்தி முடித்தார் என்பதற்கு வெளிப்படையான அடையாளம் எதுவும் இல்லை. அது மேசைமேல் எப்போதும் அடுத்த கணக்குக்குக் காத்துக் கிடக்கும். மடக்குக் கணிப்பானோ மூடியவுடன் கணக்கு முடிந்தது என்ற தீர்ப்பை வழங்கிவிடும். விடை சரியா தவறா என்பது வேறு செய்தி. இடப்பலகையைப் பின்னால் முழுதும் மடித்துவிட்டு எண்களோடு மட்டும் வாழலாம் என்றிருந்தும், மெய்யன்பர் இரு பலகைகளையும் விரித்தே கையாள்வர். ஏனெனில் பின்னால் மடித்துவிட்டால் முன்னால் மூட முடியாது. இதிலிருந்து, கணக்கு என்பது இரு மூடல்களுக்கு இடையே நேரும் தவிர்க்கவியலாத இடைவேளை என்பது பெறப்படும்.

கைபேசியில் ஜியோஜீப்ரா என்னும் செயலி இலவசமாக வரைபடம் வரைகிறது. தமிழ்நாட்டுப் பாடநூல்களே இணையச் செயல்பாடு என்ற தலைப்பில் அதற்கு வழிகாட்டுகின்றன. கைபேசியும் இப்போது மடங்கத் தொடங்கிவிட்டதால் மடக்குக் கணிப்பானுக்கு இனி என்ன வேலை என்று கேட்பாரும் உளர். அவர்க்கு விடை: எப்போதும் இருந்த வேலைதான்.

வெளிநாட்டிலிருந்து வந்த உறவினர் வழியாகவோ பழைய பொருள் வியாபாரி வழியாகவோ இக்கருவியொன்று வீட்டுக்கு வந்து சேர்ந்திருக்கும் வாசகர், இன்றே அதன் மின்கலங்களைக் கழற்றிவிடுவது நலம். கசிந்தால் உலோகத் தகடு அரிக்கும், கசியாவிட்டாலும் மூடி விளிம்பு வீணே சுமை தாங்கும். கழற்றினால் நினைவகத்தில் உள்ளதெல்லாம் அழிந்துபோகுமே என்று தயங்க வேண்டாம். உள்ளே இருப்பது பெரும்பாலும் இரண்டும் மூன்றும் ஐந்து என்பதே.