கணுக்கால் கருப்புக்குக் களிம்பு எதற்கு?

கே: வெரிகோஸ் வெயின் உண்டு. கணுக்காலின் உள்பக்கம் கருத்துப்போச்சு. களிம்பு தடவியும் போகவில்லையே? (ஆசிரியை, மதுரை)

ப: கோளாறு தோலில் தொடங்கவில்லை, அதனால்தான். அசையாமல் நிற்கும்போது கணுக்காலருகே சிரையில் அழுத்தம் சுமார் 80–90 மி.மீ. பாதரசம். நடந்தால் ஆடுசதை ரத்தத்தை மேலே தள்ள, அது 30-க்குக் கீழே இறங்கும். வால்வு பழுதானவர்களுக்கு நடந்தாலும் போதிய அளவு இறங்காது. அந்தப் பாரம் தோலின் தந்துகிகள் (மிக நுண்ணிய ரத்தக் குழாய்கள்) மேல் விழ, சிவப்பணுக்கள் கசிந்து சிதைகின்றன. அவற்றின் இரும்புச்சத்து தோலிலேயே தங்கிக் கருக்கிறது. முதலில் டாப்ளர் ஸ்கேன் எடுங்கள், டீச்சர்.

கே: தந்துகிக்கு அப்படி என்னதான் ஆகிறது? (நர்சிங் மாணவி, திருச்சி)

ப: நல்ல தோலில் அது கொண்டை ஊசி போல ஒரு வளைவு. நோய்பட்ட தோலில் நீண்டு, விரிந்து, முறுக்கிச் சுருண்டு கிடக்கும். நாளாக நாளாக எண்ணிக்கையும் குறையும். இப்படிக் கெட்ட தோலில் பிறகு ஏன் புண் வருகிறது என்பதில் பெரிய வாதமே நடந்திருக்கிறது. தந்துகியைச் சுற்றிப் படியும் ஃபைப்ரின் உறை ஆக்சிஜனை மறிக்கிறது என்று 1982-இல் ஆய்வாளர்கள் பிரௌஸும் பர்னண்டும் எழுதினார்கள். 1988-இல் கோல்ரிட்ஜ் ஸ்மித் குழுவினர், தந்துகிக்குள் மாட்டிக்கொள்ளும் வெள்ளையணுக்கள் மேல் பழியைப் போட்டார்கள். உறை இருப்பது உண்மை. ஆனால் ஆக்சிஜனை அடைக்கும் சுவராக அதை இன்று யாரும் அவ்வளவாகக் கருதுவதில்லை. வெள்ளையணுக்கள் கிளப்பிவிடும் அழற்சிதான் தோலை அரிக்கிறது என்ற பக்கமே கை ஓங்கியிருக்கிறது. எனக்கும் அதுவே சரியாகப் படுகிறது.

கே: கருப்புக்கு நடுவே வெள்ளைத் தழும்பு. குணமாகிறதா? (விவசாயி, தேனி)

ப: இல்லை ஐயா. தந்துகிகள் அழிந்துபோன இடம் அது. சுற்றிலும் தெரியும் சிவப்புப் புள்ளிகள், மிச்சமிருந்து வீங்கிய தந்துகிகள். அங்கே சின்னக் கீறல் பட்டாலும் ஆறாத புண்ணாகலாம். சொறியாதீர்கள், சீக்கிரம் டாக்டரிடம் காட்டுங்கள்.

கே: இறுக்கமான ஸ்டாக்கிங்ஸை நானே வாங்கிப் போடலாமா?

ப: தமனி ஓட்டம் சரியா என்று பார்த்த பிறகு. சர்க்கரை, புகைப் பழக்கம் இருந்தால் கட்டாயம்.

கே: புண் ஆறட்டும், பிறகு சிரைக்கு லேசர் என்கிறார் மாமியார். (இல்லத்தரசி, ஈரோடு)

ப: அத்தையிடம் பக்குவமாகச் சொல்லுங்கள். பிரிட்டனில் 450 பேரிடம் நடந்து 2018-இல் வெளியான ஆய்வில், எல்லோருக்கும் அழுத்தக் கட்டு உண்டு. சிரைக்கும் உடனே சிகிச்சை பெற்றவர்களில் பாதிப் பேருக்கு 56 நாளில் புண் ஆறியது. தள்ளிப்போட்டவர்களுக்கு 82 நாள்.

கே: ஜவுளிக்கடையில் நிற்பதே வேலை. என்ன செய்ய? (பணியாளர், சென்னை)

ப: உட்கார இருக்கை தரவேண்டும் என்று 2021-இல் தமிழ்நாடு கடைகள், நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தியாயிற்று. தயங்காமல் கேளுங்கள், தம்பி. வாடிக்கையாளர் இல்லாத நேரத்தில் குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்குங்கள். இரவில் காலைத் தலையணைமேல் வைத்துப் படுங்கள்.